முகநட்பும் பணிச்சார்பும்

நண்பர் துரோகம் செய்தால் அவரை விட்டு விலகிவிடலாம். உறவினர் செய்தால் அவர் வீட்டு வாசலை மிதிக்காமலே இருந்துவிடலாம். ஆனால் உடன் பணியாற்றுபவர் மேலதிகாரியிடம் கோள் சொன்னார் என்பது தெரியவந்த மறுநாள் காலையிலும், அவரிடமே கோப்பைக் கேட்டு வாங்கி வேலையைத் தொடர வேண்டியிருக்கிறது. அலுவலகத் துரோகத்தின் தனிக் கடுமை இதில்தான் இருக்கிறது.

மெய்யியலாளர் அனெட் பேயர், 1986-இல் வெளியான தம் கட்டுரையில், சார்ந்திருத்தலையும் நம்புதலையும் பிரித்துக் காட்டினார். ஒருவருடைய பழக்கத்தையோ திறமையையோ கணக்கில் கொண்டு நடப்பது சார்ந்திருத்தல். அவருடைய நல்லெண்ணத்தை எதிர்பார்த்து, தமக்கு ஊறு செய்யும் வாய்ப்பையும் அவர் கையில் கொடுத்துவைப்பது நம்புதல். மெய்யியலாளர் கான்ட் தவறாத ஒழுங்குடன் உலாவச் செல்வதைப் பார்த்து நேரத்தை அறிந்த அண்டை வீட்டார், ஒருநாள் அவர் அயர்ந்து தூங்கிவிட்டால் ஏமாற்றம் அடைவார்களே அன்றி, வஞ்சிக்கப்பட்டதாகக் கருத மாட்டார்கள் என்பது பேயர் தரும் விளக்கம். அலுவலகத்தில் இவ்விரண்டும் எளிதில் கலந்துவிடுகின்றன. வேலையில் கைகொடுப்பவர் மதிய உணவையும் பகிர்ந்துகொள்கிறார், வீட்டுக் கவலையைக் கேட்கிறார், நாளடைவில் மேலாளர் மீதுள்ள மனக்குறையையும் அறிந்துகொள்கிறார். இருவருக்கு ஒரே பதவி உயர்வு என்ற நிலை வரும்போது, அவர் அறிந்தவை அனைத்துக்கும் விலை ஏறிவிடுகிறது.

இத்துரோகம் வசையாக வருவது அரிது. இந்திய அரசுப் பணியில் ஊழியரைப் பற்றி ஆண்டுதோறும் எழுதப்படும் மந்தண அறிக்கையில், பாதகமான குறிப்புகளை மட்டும் உரியவருக்குத் தெரிவிப்பதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. எல்லைச் சாலைப் பணியிலிருந்த பொறியாளர் ஒருவருக்கு ‘நன்று’ என்ற மதிப்பீடு எழுதப்பட்டது. பதவி உயர்வுக்கோ ‘மிக நன்று’ வேண்டும். பாராட்டுப் போலத் தோன்றிய அச்சொல்லே அவரைத் தடுத்தது, அது எழுதப்பட்டதும் அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. எல்லா மதிப்பீடுகளையும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் துரோகம் எதுவும் இல்லை; ஆயினும் மறுமொழி கூற இயலாத இடத்தில் பேசப்படும் அரைப் பாராட்டு என்ன செய்யும் என்பதை அது காட்டுகிறது. “நல்லவர்தான், ஆனால்...” என்று மேலாளர் அறையில் தொடங்கும் பேச்சுக்கு இன்றுவரை எந்த நீதிமன்றமும் வழி காணவில்லை. எனவே பாதிக்கப்பட்டவர் செய்யக்கூடியது, பேச்சை மறுமொழி கூறக்கூடிய இடத்துக்குக் கொண்டுவருவதே: யார் எதைச் செய்தார் என்பதை அவ்வப்போது எழுத்தில் பதிவு செய்வது, உரியவரிடம் ஒருமுறை நேராகக் கேட்டுவிடுவது. எதிர் அணி திரட்டுவது இதில் சேராது. அதற்கு வேறு சிலரின் நம்பிக்கையைக் கருவியாக்க வேண்டியிருக்கும்.

பகைவரோடு நட்பாக இருக்க நேர்ந்தால் முகத்தளவில் நட்புக் காட்டி, அகத்தில் அதை விட்டுவிடுமாறு வள்ளுவர் கூடா நட்பு அதிகாரத்தை முடிக்கிறார். அரசியலில் எப்போதாவது நேரும் சந்திப்புக்கு அது பொருந்தலாம். நாள்தோறும் எட்டு மணி நேரம் அருகருகே இருப்பவருக்கு முகநட்பு ஓயாத நடிப்பாகிவிடும். துரோகம் செய்தவரைவிட நடிப்பவரே விரைவில் களைத்துப்போவார். பேயரின் பிரிவினை இங்கு உதவுகிறது. நம்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு சார்ந்திருத்தலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கணக்கைப் பிழையின்றி முடிப்பவர் என்ற அளவில் அவரைச் சார்ந்து வேலை செய்வதற்குப் புன்னகையும் தேவையில்லை, பகையும் தேவையில்லை.

கடந்த காலம்தான் இந்தப் பிரிவினைக்கு எளிதில் வசப்படுவதில்லை. தொடக்கத்திலிருந்தே எல்லாம் நடிப்பு என்று தீர்மானித்துக்கொள்வது மனத்துக்கு ஒருவித ஆறுதல் தருகிறது. ஆனால் பதவி உயர்வு அறிவிப்பு வரும்வரை அந்த அன்பு உண்மையாகவே இருந்திருக்கலாம். அது உண்மையாக இருந்ததால்தான் இன்றைய செயலை மன்னிப்பதும் கடினமாகிறது.