கோந்தும் கேள்வியும்

கரித்தூளைத் தண்ணீரில் கலக்கினால் மை மாதிரி ஒன்று கிடைக்கும். ஆனால் நிற்காது. துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்துத் திரண்டு அடியில் தங்கிவிடும். பழைய எகிப்திய எழுத்தர்கள் அதில் வேலம்பிசினைச் சேர்த்தார்கள். பிசினின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். அவை துகளின்மேல் படிந்து, மிச்சத்தைத் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு, அடுத்த துகளை அண்டவிடாமல் செய்கின்றன. மை மையாகவே இருக்கிறது. வங்கி மேசையில் காகிதத்தை ஒட்டும் கோந்து, இங்கே ஒட்டவிடாமல் காக்கிறது.

1991-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற பியேர்-ஜில் து ஜென் பள்ளி மாணவர்களுக்குக்கூடச் சொல்லிய உதாரணம் இது. பசை, ரப்பர், சோப்பு நுரை, திரவப் படிகம் என்று, சிறு சேர்க்கையில் பெரிதாக மாறிவிடுகிற பொருள்களின் இயல்பைப் பற்றியது அவர் துறை. (மென்பொருள் என்ற சொல்லைக் கணினிக்காரர்கள் முந்திக்கொண்டுவிட்டதால் மென்பருப்பொருள் என்போம்.) புதுச்சேரியில் பிரெஞ்சுப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. டூமாஸ் வீதியில் கவர்னர், சஃப்ரன் வீதியில் கடற்படைத் தளபதி. இந்தப் பெயரை மட்டும் உழவர்கரையில் எவர் வாயிலும் நான் கேட்டதில்லை.

துறைக்கு நம் பக்கத்திலேயே ஒரு வீடு உண்டு: சி. வி. ராமன் 1948-ல் பெங்களூரில் தொடங்கிய ஆய்வுக் கழகம். திரவப் படிகம் 1888-ல், ரைனிட்ஸர் ஒரு கொலஸ்டிரால் சேர்மத்துக்கு இரண்டு உருகுநிலைகள் இருப்பதைக் கண்டபோது வெளிப்பட்டது. பின்வந்த ஆராய்ச்சியில், குச்சி வடிவ மூலக்கூறுகளே இவ்வாறு ஆகும் என்பது ஏறக்குறைய இலக்கணமாகிவிட்டது. தட்டு வடிவ மூலக்கூறுகளும் ஆகும் என்று 1977-ல் எஸ். சந்திரசேகரும் (நட்சத்திரங்களை ஆராய்ந்தவர் வேறு) சதாசிவாவும் சுரேஷும் அங்கே காட்டினார்கள். கட்டுரை வந்தது பெங்களூரின் 'பிரமாணா' இதழில். உலகம் அதைத் தேடிப் படித்தது. சிறுபத்திரிகைக்காரர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

ஆனால் என்னை உறுத்துவது கண்டுபிடிப்பல்ல. இத்தகைய ஆய்வுக்கூடங்களின் கருத்தரங்கு வழக்கம். குறித்த நாளில் ஒருவர் பலகைமுன் நிற்கிறார். கையில் இருப்பது பல சமயம் முடியாத வேலை. இரண்டாவது படத்துக்குப் போகுமுன்பே யாரோ குறுக்கிடலாம். அது நேற்றுச் சேர்ந்த மாணவனாகவும் இருக்கலாம். 'தெரியவில்லை' என்ற பதில் அங்கே அவமானமல்ல.

நம் கூட்டங்களில் நடப்பது வேறு. புத்தகம் அச்சாகி அட்டையும் போட்ட பிறகுதான் பேசுகிறோம். பொன்னாடை, பாராட்டு, தேநீர். கேள்வி கேட்டவன் விரோதி. மரியாதை என்பதும் உடன்பாடு என்பதும் நமக்கு ஒன்றாகிவிட்டன. தமிழில் 'கேள்வி' என்ற ஒரே சொல் செவிகொடுப்பதையும் வினவுவதையும் குறிக்கிறது. நாம் முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை விட்டுவிட்டோம். முழுக்கச் செவிகொடுத்தவனுக்கு எப்படி ஒரு கேள்வியும் எழாமல் போகும்?

கேள்வி ஆயுதமாகவும் ஆகும் என்பார்கள். வாஸ்தவம். ஒருவனை நிறுத்திவைத்துக் கிழிப்பது விமர்சனமாகச் செல்லுபடியாகிற சூழல் நம்முடையது. ஆய்வுக்கூடத்திலும் அகந்தைகள் இல்லாமலில்லை. ஆனால் அங்கே ஒரு முறை இருக்கிறது. இன்று கேட்டவர் அடுத்த மாதம் பலகைமுன் நிற்க வேண்டும். கேள்வியின் நியாயம் கேட்பவரின் நல்ல மனத்தில் இல்லை, அந்த முறையில் இருக்கிறது. நம்மிடையே விமர்சகன் எழுந்து நிற்பதே இல்லை. அவன் நிரந்தரமாக நாற்காலியில்.

ஆகவே வருஷத்துக்கு ஒரு காரசாரமான விவாதம் போதும் என்று சொல்பவர்கள் மையின் மற்றொரு குணத்தையும் பார்க்க வேண்டும். பிசின் மிகக் குறைவாக விழுந்தால் துகள்களை முழுக்கப் போர்த்தாது. ஒரே சங்கிலி இரண்டு துகள்களைப் பற்றிக்கொள்ளும். பிசினே இல்லாத தண்ணீரைவிட வேகமாகக்கூட அவை கட்டி கட்டியாகத் திரண்டு இறங்கிவிடும்.