எச்சமும் ருசியும்: பிலிப்பைன்ஸ் தெருவிலிருந்து சில கேள்விகள்

ஒதுக்கித் தள்ளப்பட்ட கறியை என்ன செய்வது? தலித் இயக்கத்துக்குள் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. 1927 மார்ச்சில் மகாடில் அம்பேத்கர், செத்த மாட்டின் கறியைத் தின்பதை விடுங்கள், எறிகிற எச்சத்துக்குக் கையேந்துவதை விடுங்கள் என்றார். 2012இல் ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் தலித் மாணவர்கள் முன்னின்று மாட்டுக்கறி விழா நடத்தினார்கள். இது எங்கள் உணவு, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்று விடு என்கிறது. இன்னொன்று விடமாட்டேன் என்கிறது. நம் எழுத்தாளர்கள் ரத்தப் பொரியலையும் குடல் குழம்பையும் பெருமையோடு எழுதும்போது வீட்டில் வயசானவர்கள் முகம் சுளிப்பதுண்டு. ‘வேற வழியில்லாமத் தின்னோம், அதப் போயி பெருமைன்னு எழுதுறியே’ என்பார்கள். அந்தச் சுளிப்பை விவரம் தெரியாத பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

குடலையும் ரத்தத்தையும் பிறப்போடு முடிச்சுப் போடாத ஓர் இடத்தில் அவை என்னவாக இருக்கின்றன என்று பார்த்தால் கேள்வி கொஞ்சம் தெளியும். பிலிப்பைன்ஸ் அப்படியொரு இடம்.

மணிலாவில் பொழுது சாய்ந்தால் தெருமுனைகளில் கரி அடுப்பு மூட்டுகிறார்கள். மூங்கில் குச்சியில் கோத்துச் சுட்ட பன்றிக்கறித் துண்டுகளைத்தான் அங்கே பார்பெக்யூ என்கிறார்கள். சோயா சாஸ், பூண்டு, சர்க்கரை, கலமான்சி என்கிற சின்ன எலுமிச்சை, வாழைப்பழ கெச்சப் எல்லாம் சேர்ந்த சாற்றில் ஊறவைத்து, அதையே தடவித் தடவிச் சுடுவார்கள். கறி வாங்கக் காசு போதாதவனுக்கும் அதே அடுப்பில் சரக்கு உண்டு. இசாவ் என்பது கோழிக் குடல் அல்லது பன்றிக் குடல். உள்ளே இருப்பதை வெளியே திருப்பி, கழுவி, மறுபடி கழுவி, வேகவைத்து, மடித்து மடித்துக் குச்சியில் ஏற்றிச் சுடுவது. ஒரு குச்சிக்குப் பின்னால் அரைநாள் வேலை இருக்கிறது. உறைந்த ரத்தத்தைக் கட்டியாக வெட்டிச் சுட்டால் அது ‘பீட்டாமேக்ஸ்’. பழைய வீடியோ கேசட்டைப் போலக் கறுத்த சதுரம். கோழிக்கால் ‘அடிடாஸ்’, பன்றிக்காது ‘வாக்மேன்’, கோழித்தலை ‘ஹெல்மெட்’. வாங்க முடியாத சாமான்களின் பெயரைத் தின்ன முடிந்த உறுப்புகளுக்கு வைத்துவிட்டார்கள். ஏழையின் நக்கல் இது. யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை.

அடுப்புக்குப் பக்கத்தில் சாடிகள் இருக்கும். ஒன்றில் வெங்காயமும் மிளகாயும் மிதக்கிற காடி. தென்னங்கள்ளோ கரும்புச் சாறோ புளித்து ஆனது. இன்னொன்றில் இனிப்பும் காரமுமான கெட்டிச் சாறு. தோய்த்துத் தின்னும் இந்தச் சாறுகளுக்கு சவ்சவன் என்று பெயர். உணவைப் பற்றி அந்நாட்டில் ஆழமாக எழுதிய டொரீன் பெர்னாண்டஸ் (1934-2002), தின்கிறவரும் சமையலில் பங்கெடுப்பதை இதில் கண்டார். சமைத்தவர் பாதியில் விட்டதைத் தின்கிறவர் தன் நாக்குக்கு ஏற்ப முடித்துக்கொள்கிறார். சமைத்தவர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. புளிப்பு எவ்வளவு, காரம் எவ்வளவு என்பது தின்கிறவன் தீர்ப்பு.

நம் கண்ணுக்கு வேறொன்றும் படும். பல கடைகளில் சாடி எல்லாருக்கும் பொது. கல்லூரி மாணவனும் டிரைசைக்கிள் ஓட்டுகிறவனும் ஆபீஸ் முடிந்து வருகிற பெண்ணும் அதே சாடியில்தான் தோய்க்கிறார்கள். கடித்த குச்சியை மறுபடி விடாதே என்பது மட்டும்தான் கட்டுப்பாடு. பொதுச் சாடியால் நோய் பரவும் என்று எச்சரிக்கிறவர்கள் உண்டு. நியாயமான எச்சரிக்கை. ஆனால் அது கிருமிக்குப் பயப்படுகிற பயம். பிறப்புக்குப் பயந்து டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்த ஊரிலிருந்து பார்க்கிறவனுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதனால் பிலிப்பைன்ஸ் சமத்துவபுரம் ஆகிவிடாது. அந்தச் சாற்றின் இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். நாட்டின் சர்க்கரையில் பெரும்பகுதி நீக்ரோஸ் தீவில் விளைகிறது. காடியிலும் எலுமிச்சைப் புல்லிலும் கோழியை ஊறவைத்துச் சுடும் ‘இனாசல்’ பேர்பெற்ற பகோலோட் நகரமும் அங்கேதான். அந்தத் தீவின் கரும்புக் கூலிகளின் நாட்காட்டியில் ஒரு பருவத்துக்கு ‘தியெம்போ முவெர்த்தோ’ என்று பெயர். செத்த காலம். ஒரு வெட்டு முடிந்து அடுத்த வெட்டு வரும்வரை வேலையும் இல்லை, கூலியும் இல்லை. 1980களின் நடுவில் உலகச் சந்தையில் சர்க்கரை விலை விழுந்தபோது பண்ணைகளில் வேலை நின்றது. வளமான மண்ணில் குழந்தைகள் பட்டினியில் வதங்கின. 1985 செப்டம்பர் 20 அன்று எஸ்கலாந்தே ஊரில், மார்கோசின் ராணுவச் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட கரும்புத் தொழிலாளர்கள், விவசாயிகள், மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 20 பேர் செத்தார்கள். வெண்மணியை நினைக்காமல் நம்மால் இதைப் படிக்க முடியாது. சாதி இல்லாத இடத்திலும் நிலம் சிலர் கையில் குவிந்தால், தொடைக்கறி ஒருபக்கமும் குடல் ஒருபக்கமும் போகும்.

அமெரிக்க விமானப்படைத் தளம் இருந்த கிளார்க்குக்குப் பக்கத்தில் ஏஞ்சலிஸ் நகரம். தளத்துச் சமையல்கூடங்கள் பன்றித் தலையை வேண்டாம் என்று தள்ளின, ஊரார் அதை மலிவாக வாங்கினார்கள் என்று அங்கே சொல்வார்கள். 1970களில், ரயில் பாதையோரக் கடையில், லூசியா குனானன் என்ற பெண் தலைக்கறியையும் காதையும் வேகவைத்துக் கரியில் சுட்டு, பொடியாக நறுக்கி, வெங்காயமும் புளிப்பும் ஈரலும் கலந்து கொடுத்தார். இன்றைய சிசிக் அவர் கைப்பக்குவம் என்று பேர். தளத்தை விட்டு அமெரிக்கர்கள் 1991இல் போனார்கள். சிசிக் பெரிய ஓட்டல்களில் ஏறி உட்கார்ந்துகொண்டது. 2017இல் ஏஞ்சலிஸ் நகரம் அதைத் தன் பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்தது.

கொண்டாட வேண்டிய கைதான். ஆனால் இந்தக் கொண்டாட்டத்தில் ஒரு சூது இருக்கிறது. ‘வீண் போகாமல் எப்படி ருசியாக்கினார்கள் பாருங்கள்’ என்று வியக்கிறவன், மற்ற கறியெல்லாம் யார் தட்டுக்குப் போனது என்று கேட்பதில்லை. எடுத்த கையைப் புகழ்கிற சத்தத்தில் எறிந்த கை மறைந்துவிடுகிறது. பஞ்சத்தைத் திறமையாக மாற்றிக் காட்டுவது பஞ்சத்தை உண்டாக்கியவனுக்கு வசதியான பாராட்டு.

சாறு மறைக்கவும் செய்யும். மணிலாவின் தோண்டோ பகுதியில் குப்பை பொறுக்கி வாழ்கிறவர்களிடையே ‘பக்பக்’ என்றொரு உணவு உண்டு. தூசியைத் தட்டு என்பது அந்தச் சொல்லின் பொருள். துரித உணவுக் கடைகள் கொட்டிய கோழி எச்சத்தைக் குப்பையிலிருந்து பிரித்து, கழுவி, மறுபடி பொரித்தோ குழம்பாக்கியோ விற்கிறார்கள். அங்கேயும் சாஸ் உண்டு, காரம் உண்டு. ஆனால் அது வேறு வேலை பார்க்கிறது. இசாவ் கடையில் காடி ருசியைக் கூட்டுகிறது. பக்பக்கில் சாஸ் நாற்றத்தை மூடுகிறது. அடுப்பில் நிற்கிற பெண்ணின் கைத்திறன் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். அப்படியென்றால் வித்தியாசம் எங்கே?

வேண்டாம் என்று சொல்ல முடிவதில் இருக்கிறது என்பேன். இசாவ் தின்கிறவன் இன்றைக்கு வேண்டாம் என்று நடந்து போகலாம். வேண்டும் என்றால் எந்தச் சாடி என்று அவனே முடிவு செய்யலாம். பக்பக் தின்கிற குழந்தைக்கு அந்த வழி இல்லை. மறுக்க முடியாத இடத்தில் ருசியைப் பற்றிப் பேசுவது பாவம்.

இப்படிப் பார்த்தால் மகாடும் உஸ்மானியாவும் ஒன்றையொன்று வெட்டவில்லை. மகாடில் அம்பேத்கர் கேட்டது நாக்கின் சுத்தத்தை அல்ல. எறிந்ததை எடுத்தே ஆகவேண்டும் என்கிற கடமையை உதறச் சொன்னார். ‘எங்களுக்கு வேண்டாம்’ என்கிற உரிமை அது. உஸ்மானியா மாணவர்கள் கேட்டது ‘எங்களுக்கு வேண்டும்’ என்கிற உரிமை. மறுக்கத் தெரிந்தவன் கேட்கிற ‘வேண்டும்’தான் செல்லும். மறுக்க முடியாதவன் வாயில் அதே சொல் பசியின் குரல் மட்டுமே.

எனவே குடல் கறியை எழுதுகிற தோழர்கள் எழுதட்டும். கழுவிய கையை எழுதட்டும், பக்குவத்தை எழுதட்டும். கூடவே தொடைக்கறி எங்கே போனது என்பதையும் எழுத வேண்டும். முகம் சுளிக்கிற கிழவியின் பேச்சையும் எழுத வேண்டும். அவள் வெட்கத்தில் சுளிக்கவில்லை. அன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாமல் போனதற்காகச் சுளிக்கிறாள். அதைக் கேட்காமல் நாம் வைக்கிற விருந்தில் சாஸ் மட்டும்தான் மிஞ்சும்.