விருந்தினருக்குத் தெரிந்தே

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜைச் சுற்றி, குமாரபுரம் பக்கத்துத் தெருக்களில், மாடியை வாடகைக்கு விடுவது பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வருகிறவர்கள், சிகிச்சைக்காக விமானம் ஏறி வரும் மாலத்தீவுக்காரர்கள் எல்லாருக்கும் இந்த மாடிகள்தான் தங்குமிடம். நாகர்கோவில்காரர் என்றால் ஆதார் ஜெராக்ஸ் ஒன்றோடு காரியம் முடிந்துவிடும். மாலத்தீவுக்காரர் என்றால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்கு இணையம் வழியே தெரிவித்தாக வேண்டும். பாஸ்போர்ட் எண், விசா எண், எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார், கூடவே ஒரு புகைப்படம். தொழிலில் இருப்பவர்கள் இதை ‘சி ஃபார்ம்’ என்றே சொல்லிப் பழகியவர்கள். 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் போய், 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் இந்தக் கடமை நீங்கவில்லை.

இடம் கொடுத்தவரே அந்த விருந்தினரைப் பற்றி அரசுக்கு எழுதிக் கொடுப்பது முறையா? பலர் இந்தக் கேள்விக்கு வாய் திறக்காமலேயே விடை சொல்லிவிடுகிறார்கள்: ஃபார்ம் ஏற்றுவதில்லை. கேரள சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டேக்களை டயமண்ட், கோல்டு, சில்வர் என்று வகைப்படுத்தி அங்கீகரிக்கிறது. உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. உரிமையாளர் வளைகுடாவில் இருக்க, சாவியை கேர்டேக்கர் வைத்திருக்கும் ஃபிளாட்டுக்கு அந்த அங்கீகாரம் கிடைக்காது. பதிவில்லாத வீடு விருந்தினரைப் பற்றித் தெரிவித்தால் தன்னையே காட்டிக்கொடுத்ததாகும். ஆகவே மௌனம். “வந்தவர்களை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்” என்று அதற்கு ஒரு கருணை முகமும் பூசப்படுகிறது.

இதில் கருணை எதுவும் இல்லை. விசா நீட்டிப்புக்குப் போய் நிற்கும்போது, எங்கே தங்கியிருந்தீர்கள் என்ற கேள்விக்கு விருந்தினரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. 2018 மார்ச் 14 அன்று, போத்தன்கோட்டில் ஆயுர்வேத சிகிச்சைக்கு வந்திருந்த லாட்வியப் பெண் ஒருவர் காணாமல் போனார். உடன் வந்திருந்த சகோதரி ஊரெங்கும் தேடினார். ஐந்து வாரம் கழித்து, ஏப்ரல் 20 அன்று, திருவல்லம் அருகே சதுப்புக் காட்டில் உடல்தான் கிடைத்தது. 2022 டிசம்பரில் இரண்டு பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தேட ஆள் இருந்தபோதே இவ்வளவு காலம் ஆனது. எந்த ஏட்டிலும் இல்லாத மாடியில் தனியாகத் தங்கியவர் காணாமல் போனால் தேடலை எங்கிருந்து தொடங்குவது? ஆகவே தெரிவிக்கும் கடமையில் பாதி விருந்தினருக்கே செய்ய வேண்டிய கடமை.

ஆனால் இதே ஊரில்தான் 1994-உம் நடந்தது. மரியம் ரஷீதா என்ற மாலத்தீவுப் பெண் தம்பானூரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார். சூரத் பிளேக் பீதியில் விமானங்கள் ரத்தாகிவிட, தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்டு அவரே அதிகாரிகளிடம் போனார். அக்டோபர் 20 அன்று, காலம் கடந்து தங்கினார் என்று கைது செய்யப்பட்டார். விடுதியிலிருந்து அவர் ஓர் இஸ்ரோ விஞ்ஞானிக்குப் போன் செய்த விவரம் உளவுக் கதையாக வளர்ந்தது. நாகர்கோவிலில் படித்து வளர்ந்த இன்னோர் இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் நவம்பர் 30 அன்று கைதானார். அந்த வழக்கு பொய்யென்று 1996-இல் சிபிஐ அறிக்கை தந்தது. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ரஷீதா மூன்றாண்டுக்கும் மேல் சிறையில் இருந்தார். அவர் மறுத்த ஒரு தவறான அணுகுமுறைக்குப் பழிவாங்கவே ஓர் அதிகாரி இதைத் தொடங்கினார் என்று சிபிஐ 2024-இல் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை சொல்கிறது. அது நிரூபிக்கப்பட வேண்டிய குற்றச்சாட்டு. ஆனால் ஒளியாமல் தானே போய்க் கேட்ட பெண்ணுக்கு நேர்ந்தது இது என்பதில் சந்தேகமில்லை.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. வீட்டுக்காரர் தெரிவிக்கத்தான் வேண்டும். ஆனால் விருந்தினருக்குத் தெரிந்து, கேட்ட விவரத்தை மட்டும். ஃபார்மில் கேட்கும் ஊர், தேதி, எண் ஒன்று. யார் வந்து பார்த்தார்கள், யாருடன் போனில் பேசினார் என்று கவனித்து வைத்துச் சொல்வது முற்றிலும் வேறு. முதலாவதை மறுக்க வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. இரண்டாவதை, முறையான ஆணை இல்லாமல் கேட்டால், மறுக்கும் கடமையே உண்டு. சீருடையில் வந்து கேட்பவரிடம் அப்படிச் சொல்வது எளிதல்ல. அதனால்தான் அதிகப் பொறுப்பு கேட்பவர் மேல் விழுகிறது: பதிவை யார் எப்போது எடுத்துப் பார்த்தார் என்பதும் பதிவாக வேண்டும். குடிமக்களிடம் 24 மணி நேரத்தில் கணக்குக் கேட்கும் அரசு, தன் அதிகாரியிடமும் கணக்குக் கேட்பதுதான் நியாயம்.

வீட்டுக்குள்ளும் ஒரு பிழை நடக்கிறது. கேர்டேக்கர் பாஸ்போர்ட்டைத் தன் செல்போனில் படம் பிடிக்கிறார், உரிமையாளருக்கு வாட்ஸ்அப் செய்கிறார், அவர் ஃபார்ம் ஏற்றிக் கொடுக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கு அனுப்புகிறார். அறை காலியாகி மாதங்கள் ஆன பின்னும் மூன்று போன்களில் அந்தப் படம் கிடக்கிறது. ஆதார் ஜெராக்ஸும் அப்படித்தான் மேசை டிராயரில் குவிகிறது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் இப்படி நகல் கொடுக்க வேண்டாமென்று எச்சரித்தது. ஓரிரு நாளில் ஆணையம் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டாலும், டிராயர் பூட்டப்படவில்லை.

இவ்வளவு சிக்கலுக்குப் பயந்து “வெளிநாட்டுக்காரர் வேண்டாம்” என்று கதவைச் சாத்துவோரும் உண்டு. 2020 மார்ச்சில், கொரோனா அச்சத்தில், கேரளத்தில் வெளிநாட்டுப் பயணிகள் பலர் அறை கிடைக்காமல் அலைந்தார்கள். சட்டம் தெரிவிக்கச் சொல்கிறது, விரட்டச் சொல்லவில்லை. கீமோ முடிந்து மறுநாள் காலை ஊசிக்காக ஆஸ்பத்திரி அருகே அறை தேடுபவருக்கு அந்த மறுப்பு எவ்வளவு பெரிய இடியென்று குமாரபுரம் வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஃபார்மை ஏற்றியதும் பிரதி எடுத்து, “உங்களைப் பற்றி இவ்வளவுதான் எழுதியிருக்கிறோம்” என்று விருந்தினர் கையில் கொடுத்து, தன் போனிலுள்ள படத்தை அவர் கண்முன்னே அழித்துவிடுவது.