77 டிகிரி கிழக்கு

தில்லியிலிருந்து நேர்தெற்கே ஒரு கோடு பிடித்தால் போபால், பெங்களூரு, திருப்பூர், நாகர்கோவில் என்று வரும். அரை டிகிரி அங்கே இங்கே தள்ளியிருக்கும், அவ்வளவுதான். கன்னியாகுமரியோடு நிலம் தீர்ந்துவிடுகிறது. பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய இந்தியப் படமும் அதற்குக் கொஞ்சம் கீழே முடிந்துவிடும் என்பதால், கோடும் அங்கேயே நின்றுவிட்டதாக மனசு எடுத்துக்கொள்கிறது. 77-ஆம் தீர்க்கரேகை நிற்பதில்லை. ஐயாயிரம் கிலோமீட்டர் வெறும் தண்ணீர். பிறகு பிரான்ஸுக்குச் சொந்தமான ஆம்ஸ்டர்டாம் தீவு, கன்னியாகுமரி இருக்கும் கோட்டிலேயே ஏறக்குறையப் பிசகாமல் உட்கார்ந்திருக்கிறது. அதன் தெற்கே செயின்ட் பால் என்று இன்னொரு துண்டு நிலம். அப்புறம் மறுபடியும் தண்ணீர், அண்டார்டிகாவின் பிரிட்ஸ் விரிகுடா வரைக்கும். அந்தக் கரையில் லார்ஸ்மன் குன்றுகள். அங்கே 2012-இல் திறந்த நம்முடைய பாரதி ஆய்வு நிலையம். 76 டிகிரி.

தில்லி லோதி சாலையில் உச்சிப்பொழுது வந்து நாலு நிமிஷத்தில் பாரதியிலும் உச்சிப்பொழுது. ஜூன் மாதம் இங்கே அந்த நேரத்துக்குத் தார் இளகும். அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேலே எழும்புவதே இல்லை.

*

காலை நடையில் மௌசம் பவனைத் தாண்டினால் பிருத்வி பவன் வந்துவிடும். முன்னதில் வானிலைத் துறை, பின்னதில் புவி அறிவியல் அமைச்சகம். கடலில்லாத ஊரில் உட்கார்ந்து கடலைக் கவனிக்கிற கட்டடங்கள் இவை. கேலிக்காகச் சொல்லவில்லை. கடல் மேம்பாட்டுத் துறை 1981 ஜூலையில் தில்லியில் உருவானது. அதே ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி கோவாவிலிருந்து போலார்சர்க்கிள் என்ற நார்வே கப்பல் 21 பேரோடு கிளம்பியது. துறையின் செயலாளர் எஸ். இஸட். காசிம்தான் தலைவர். ஆபரேஷன் கங்கோத்ரி என்று பெயர் வைத்து, வெளியே மூச்சு விடாமல் போனார்கள். 1982 ஜனவரி 9-இல் அண்டார்டிகாவில் கால் வைத்தார்கள். ஒரு துறை பிறந்த ஆறு மாதத்துக்குள் இவ்வளவும். இன்றைக்கு ஒரு கோப்பு இரண்டு மேஜை தாண்ட எவ்வளவு நாளாகும் என்பது தில்லிக்காரர்களுக்குத் தெரியும்.

அந்தப் பயணத்துக்கும் இருபது வருஷம் முன்னால், பூசா வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த கிரிராஜ் சிங் சிரோஹி அமெரிக்கக் குழுவோடு தென்துருவத்துக்கே போயிருந்தார். பூமி சுற்றுவதற்கு எதிர்ப்புறமாகச் சுழலும் மேஜையில் உயிர்களை வைத்து, அவற்றின் உள்கடிகாரம் தடுமாறுகிறதா என்று பார்த்தார்கள். தடுமாறவில்லை. தீர்க்கரேகைகள் எல்லாம் கூடி ஒன்றாகிவிடுகிற புள்ளியில் செய்ய அதைவிடப் பொருத்தமான சோதனை எனக்குத் தோன்றவில்லை.

*

2019 செப்டம்பர் கடைசியில் பாரதிக்கு மேற்கே இருக்கும் அமெரி பனித்தட்டிலிருந்து ஒரு துண்டு கழன்றது. பனித்தட்டு என்பது நிலத்திலிருந்து வழிந்து வந்து, கடலில் மிதந்தபடி இன்னும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பனி. கழன்ற துண்டின் பரப்பு 1,636 சதுர கிலோமீட்டர். தில்லி முழுவதும் 1,483.

இந்த மாதிரி ஒப்பீடுகளை நாளிதழில் பார்க்கும்போது எரிச்சல் வரும். இரண்டு தில்லி, மூன்று சென்னை, இத்தனை கால்பந்து மைதானம். ஆனால் தில்லியில் நரேலாவிலிருந்து பதர்பூர் வரை பஸ்ஸில் ஒருமுறை முழுசாகப் போனவனுக்கு இந்த எண் வேறு மாதிரி இறங்குகிறது. அவ்வளவு தூரமும் ஒரே வெள்ளை, இருநூறு மீட்டர் கனம், அடியில் தண்ணீர்.

அதற்கு டி-28 என்று பெயர். அண்டார்டிகாவை நாலு காலாக வெட்டி ஏ, பி, சி, டி என்று எழுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் காலில் உடைகிறதோ அந்த எழுத்து, பிறகு வரிசை எண். அதிலிருந்து துண்டு பிரிந்தால் சின்ன எழுத்து ஒன்று பின்னால் சேரும். அமெரிக்கத் தேசியப் பனி மையம் வைக்கிற பெயர்கள். பெரிய பனிப்பாறைகளுக்கு மட்டும்தான் இந்த மரியாதை. மற்றவை பெயரில்லாமலே கரைகின்றன.

டி-28 விஷயத்தில் ஒரு வேடிக்கை. அதன் பக்கத்திலேயே ‘ஆடும் பல்’ என்று ஆய்வாளர்கள் செல்லப்பெயர் வைத்திருந்த பகுதி இருந்தது. இன்றோ நாளையோ என்று அதைத்தான் ஏறக்குறைய இருபது ஆண்டாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுந்தது பக்கத்துப் பல்.

*

கழன்ற பாறை எங்கே போகும்? வடக்கே, நம்மைப் பார்த்து வரும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. கோடு வரைந்து பார்த்த பழக்கம். அது மேற்கே திரும்பிவிடுகிறது. அண்டார்டிகாவின் கரையோரம் கிழக்குக் காற்று அடிக்கிறது. கரையை ஒட்டி ஒரு நீரோட்டம் மேற்கு நோக்கிக் கண்டத்தையே சுற்றுகிறது. பிரிட்ஸ் விரிகுடாவில் பிறந்த பாறை அதில் ஏறிக்கொண்டு, ராணி மாட் நிலத்தின் முன்னால் போகும். நம்முடைய இன்னொரு நிலையமான மைத்ரி அந்தப் பக்கம்தான். பிறகு வெட்டல் கடல். அங்கே வளைந்து, தீபகற்பத்தின் ஓரமாக வடக்கே ஏறித் தெற்கு ஜார்ஜியாவை நோக்கி. உடைந்த இடம் எதுவானாலும் பெரிய பாறைகளில் மிகப் பல கடைசியில் அந்தச் சந்தில்தான் வந்து சேர்கின்றன. பனிப்பாறைச் சந்து என்றே அதை அழைக்கிறார்கள். அங்கே எதிர்த்திசையில், கிழக்கே ஓடும் துருவச் சுற்றோட்டம் பிடித்துக்கொள்ளும். தண்ணீரும் அங்கே வெதுவெதுப்பு, முடிவு சீக்கிரம்.

77 டிகிரியில் நேரே வடக்கே ஏறி வந்தால் ஆம்ஸ்டர்டாம் தீவு. பாறைகள் அந்த வழியை எடுப்பதில்லை.

*

இவ்வளவு தூரத்தை யார் பார்த்துக் குறித்தார்கள் என்று தேடினால் கதை காற்றில் போய் முடிகிறது. 2009-இல் நாம் ஏவிய ஓஷன்சாட்-2 செயற்கைக்கோளில் ஒரு சிதறல்மானி இருந்தது. கடல் பரப்பில் ரேடார் அலையை அனுப்பி, திரும்பி வரும் அளவைப் பார்த்து, மேலே காற்று எவ்வளவு வேகத்தில் எந்தத் திசையில் அடிக்கிறது என்று கணக்கிடுவது அதன் வேலை. பருவக்காற்று, புயல் இவற்றுக்காக அனுப்பியது. மௌசம் பவன் மாதிரி இடங்களுக்கு வேண்டிய தகவல். பனி குறுக்கே வந்தால் காற்றுக் கணக்குக் கெட்டுப்போகும் என்று அந்த இடத்தை ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கியதைத்தான் பாறைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நன்னீர்ப் பனிக்குள் ரேடார் அலை கொஞ்சம் நுழைந்து, உள்ளேயே சிதறிப் பளிச்சென்று திரும்பும். சுற்றியுள்ள கடற்பனியில் உப்பு இருப்பதால் மங்கலாகத் தெரியும். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் பல நாட்டுச் சிதறல்மானிகளை வைத்துத் தொகுத்துவரும் அண்டார்டிகப் பாறைப் பதிவேட்டில் நம் ஓஷன்சாட்-2 தந்த நிலைகளும் சேர்ந்திருக்கின்றன.

இருட்டு, மேகம் எதுவும் ரேடாருக்குத் தடையில்லை. கோடையில் மட்டும் தடுமாறும். பாறையின் மேல்பனி நசநசத்துவிட்டால் வெளிச்சம் போய்விடும். நேற்று வரை தெரிந்த தில்லி அளவு பொருள் இன்று காணாமல் போகும், மறுபடி உறைந்ததும் முளைக்கும். அந்த இடைவெளியைப் பதிவேட்டுக்காரர்கள் முன்னும் பின்னும் பார்த்துத்தான் நிரப்புகிறார்கள்.

சின்னப் பாறைகள் இதில் சிக்காது. அவற்றுக்கு இன்னொரு வழி. கடல்மட்டத்தை அளக்கும் உயரமானிகள் நேர்கீழே ரேடார் துடிப்பை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும். பாறை கடலைவிட உயரம் என்பதால் அதன் எதிரொலி கடலின் எதிரொலிக்குச் சற்று முன்பே வந்துவிடும். ஒன்றுமே வரக்கூடாத அந்த இடைவெளியில் ஒரு சின்ன வளைவு தெரிந்தால், கீழே பாறை. 2013 பிப்ரவரி 25-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இந்திய-பிரெஞ்சு சரல் செயற்கைக்கோளையும் இப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இப்படி எண்ணிப் பார்த்ததில் வந்த சித்திரம்: எண்ணிக்கையில் சின்னவை மிகமிக அதிகம், ஆனால் பனியின் பெரும்பங்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரியவற்றில்.

*

மே மாதம் முற்றியதும் தில்லியில் பன்டா வண்டிகள் வந்துவிடும். நம் ஊர்க் கோலி சோடாதான். சாக்குப் போட்டு மூடிய ஐஸ் கட்டியிலிருந்து ஒரு பாளத்தை உடைத்து, பாட்டில்கள் நிற்கும் தகரத் தொட்டியில் போடுவார் வண்டிக்காரர். பாட்டிலுக்காக நிற்கும் நேரத்தில் அந்தப் பாளத்தைப் பார்க்கலாம். தண்ணீர் தொடும் விளிம்பில்தான் முதலில் தேய்கிறது. இடுப்பில் வடு விழுந்தது போல ஒரு பள்ளம். மேலே மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும், கீழே அதைவிட அகலமாக ஒரு பாதம். திடீரென்று சத்தமில்லாமல் உருண்டு, அடியில் இருந்த வழவழப்பான பக்கம் மேலே வந்துவிடும்.

கடலில் சின்னப் பாறைகள் இப்படியே உருளும். தட்டையான ராட்சதப் பாறைகள் உருளாது. அவற்றின் கனத்தைவிட அகலம் பல மடங்கு. அங்கே அலை விளிம்பை அரித்து மேல்பகுதி இற்று விழுந்ததும், நீருக்கடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பாதம் மிதக்கப் பார்த்து மேலே முட்டும். அந்த முட்டலிலேயே ஓரம் நெடுக விரிசல் விட்டு உடையும். வெதுவெதுப்பான நீருக்கு வந்த பெரிய பாறை ஓரம் ஓரமாக இளைப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

*

காற்றா, நீரோட்டமா, எது தள்ளுகிறது? அளவைப் பொறுத்தது. சின்னப் பாறை சுற்றியுள்ள நீரோடு போவதற்கு மேல், காற்றின் வேகத்தில் ஏறக்குறைய நூற்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும். விநாடிக்கு 10 மீட்டர் காற்று என்றால் நாளொன்றுக்கு 17 கிலோமீட்டர். பெரியது காற்றைச் சட்டை செய்யாது. தன்னைச் சுமக்கும் கடல் போகிற போக்கில் போகும். பூமியின் சுழற்சி வேறு, தெற்கில் எதையும் இடப்பக்கமாக ஒதுக்கிக்கொண்டே இருக்கும். எழுதும்போது எளிது. கணினியில் போட்டால் சில நாட்களிலேயே கணக்கும் பாறையும் பிரிந்து போகின்றன. காரணம், பாறையின் அடிப்பாகம் எந்த வடிவம் என்றும் அந்த ஆழத்தில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்றும் மேலிருந்து தெரிவதில்லை.

எனக்கு வரவரப் பிடித்துப்போனது நகராத பாறைகள். ஏ-23ஏ 1986-இல் ஃபில்க்னர் பனித்தட்டிலிருந்து பிரிந்தது. கொஞ்சம் போனதும் வெட்டல் கடலின் தரையில் அடி தட்டி நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான், முப்பது வருஷத்துக்கு மேல். சோவியத் யூனியனின் துருஷ்னயா என்ற கோடைக்கால முகாம் அந்தத் துண்டின்மேல் இருந்தது. ஆளில்லாத சமயத்தில் உடைந்ததால் கப்பல் தேடிப்போய் சாமான்களை மீட்க வேண்டியிருந்தது. அந்த நாடு இல்லாமல் போனது, பாறை இருந்த இடத்தில் இருந்தது. மெலிந்து பிடி தளர்ந்து 2020-இல் அசையத் தொடங்கியது. 2023-இல் வெட்டல் கடலை விட்டுக் கிளம்பியபோது 3,900 சதுர கிலோமீட்டர் அளவு.

2024-இல் தெற்கு ஆர்க்னி தீவுகளுக்கு அருகே மறுபடி நின்றது. இந்தத் தடவை தரை தட்டவில்லை, கீழே ஆழமான தண்ணீர். நின்ற இடத்திலேயே நாளுக்கு 15 டிகிரி வீதம் சுற்றிக்கொண்டிருந்தது, மாதக்கணக்கில். அடியில் கடல்தரையிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் எழும்பிய பிரி மேடு. சுழலும் கோளில் நீரோட்டம் இப்படியொரு மேட்டின்மேல் ஏறிக் கடக்காமல் இரண்டாகப் பிரிந்து சுற்றிப்போகும். மேட்டுக்கு நேர்மேலே உள்ள நீர் தனித் தூணாக நின்று சுழலும். ஜி. ஐ. டெய்லர் 1920-களில் ஆய்வகத் தொட்டி ஒன்றைச் சுழலவிட்டுக் காட்டியது இது. அதே தூண் கடலில் நாட்டப்பட்டு, அதன்மேல் லட்சம் கோடி டன் பனி உட்கார்ந்திருந்தது. ஓடும் பாறை கடலின் மேல்பரப்பைப் பற்றிச் சொல்கிறது. தட்டி நின்ற பாறை அந்த இடத்தின் ஆழத்தைச் சொல்லிவிடுகிறது. சுழன்று நின்றது கீழே ஒரு மேடு இருப்பதையும். நகர்வைப் படிக்கிறவர்கள் நிற்கும் நாட்களைத் தவறவிடாமல் குறிப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். டிசம்பரில் ஏ-23ஏ விடுபட்டது. 2025 மார்ச்சில் தெற்கு ஜார்ஜியா அருகே மீண்டும் தரை தட்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டது.

*

துருஷ்னயாவைப் பற்றிப் படிக்கும்போது தட்சிண கங்கோத்ரி நினைவுக்கு வராமல் இருக்காது. 1983-84-இல் இந்தியா கட்டிய முதல் நிலையம். பாறை நிலத்தில் அல்ல, மிதக்கும் பனித்தட்டின்மேல். பனி விழுந்து விழுந்து மூடி, சில ஆண்டுகளில் உள்ளே புதைந்தது. 1989-இல் மைத்ரியை ஷிர்மாகர் சோலையில், கெட்டியான பாறைத் தரையில் எழுப்பினார்கள், பழையதைக் கைவிட்டார்கள். பனித்தட்டு சும்மா இருப்பதில்லை, கடல் பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும். அப்படியானால் தில்லியில் கையெழுத்தாகி, கோவாவில் கப்பலேறி, அங்கே பூட்டிச் சாத்தப்பட்ட அந்தக் கட்டடமும் நகர்கிறது. என்றைக்கோ ஒரு நாள் தட்டின் முனை உடையும்போது அதுவும் ஒரு பனிப்பாறைக்குள் இருக்கும். அந்தப் பாறையின் பெயர் ஏ-யில் தொடங்காது, டி-யில்தான் தொடங்கும். 12 டிகிரி கிழக்கு.

*

2025 ஜூலை 30-இல் நிசார் செயற்கைக்கோள் போயிருக்கிறது. இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்தது, இரண்டு அலைநீளத்தில் பார்க்கும் ரேடார். சுற்றிவரும்போது எப்போதும் இடப்பக்கமே சாய்ந்து பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். அதனால் அண்டார்டிகா ஏறக்குறைய முழுதும் தெரியும். ஆர்க்டிக்கின் உச்சியில் ஒரு வட்டம் விடுபடும். ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டார்கள், எனக்கு அது சரியாகவே படுகிறது.

படம் சில மீட்டர் அளவுக்கு நுணுக்கமாக வரும், விரிசல் நீள்வதுகூடத் தெரியும். ஆனால் ஒரே இடத்துக்கு 12 நாளில் இரண்டு முறைதான் வரும். ஆறு நாளில் ஒரு பாறை நூறு கிலோமீட்டர் போய்விட முடியும். ஆகவே தினமும் மங்கலாகப் பார்க்கும் சிதறல்மானிகளை யாரும் விட்டுவிடவில்லை. 2022 நவம்பரில் போன ஓஷன்சாட்-3-இலும் ஒரு சிதறல்மானி இருக்கிறது. அதுவும் காற்றுக்காகத்தான்.