கேட்டவர்க்கெல்லாம் தள்ளுபடி

2025-இல் சான்பிரான்சிஸ்கோவில், ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் அலுவலகத்துக்குள் ஒரு குட்டிக் கடை இயங்கியது. ஒரு குளிர்பெட்டி, மேலே சில கூடைகள். சரக்கு தேடுவது, விலை வைப்பது எல்லாம் ‘கிளாடியஸ்’ என்ற ஏஐ முகவரின் பொறுப்பு.

நயமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் அது விலையைக் குறைத்தது. நிறுவன ஊழியர்களுக்கு 25 சதவீதத் தள்ளுபடி என்றது. வாங்குபவர்களில் ஏறக்குறைய எல்லாருமே ஊழியர்கள்தானே என்று ஒருவர் எடுத்துச் சொன்னதும், சலுகையை நிறுத்துவதாக அறிவித்தது. சில நாட்களிலேயே மறுபடி கொடுக்கத் தொடங்கியது. டங்ஸ்டன் உலோகக் கட்டிகளை வாங்கிய விலைக்கும் கீழே விற்றது. கடை நஷ்டத்தில் ஓடியது.

பேச்சை மட்டும் வைத்து ஆளை எடைபோட்டதில்தான் கோளாறு. இதற்கு மாறான வழியும் உண்டு. 2003-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கோப்புப் பகிர்வு வலையமைப்புகளுக்காக ‘ஐகன்டிரஸ்ட்’ என்ற முறையை வகுத்தார்கள். அது பார்ப்பது பழைய நடத்தையை: இவர் முன்பு அனுப்பிய கோப்புகள் சரியாக இருந்தனவா? அதற்குச் சான்று சொல்பவரே எவ்வளவு நம்பத்தக்கவர் என்பதும் கணக்கில் சேரும்.

கிளாடியஸை இயக்குவது போன்ற மொழி மாதிரிக்கோ, முதலாளியின் கட்டளையும் வாடிக்கையாளரின் கெஞ்சலும் ஒரே எழுத்து வரிசையாகத்தான் வந்து சேர்கின்றன. ஆகவே பணப்பெட்டியை அதன் கையில் கொடுக்கும் முன், யாருடைய சொல்லுக்கு எவ்வளவு அதிகாரம் என்ற வரம்பை மாதிரிக்கு வெளியே, மென்பொருளிலேயே பூட்டி வைப்பது அவசியம்.