நோய்த்துணை

சைவாசிரிய நண்பர்காள்,

திருநீலகண்ட நாயனார் சரித்திரத்தை நீவிர் மாணவர்க்குப் பாடஞ் சொல்கின்றீர்கள். மனைவியார் இட்ட ஆணையும், ஈற்றில் இருவரும் மூங்கிற்கோலின் இருதலையையும் பற்றி வாவியில் மூழ்கி இளமை பெற்றதும் விரிவாகக் கூறப்படும். இடையிற் கழிந்த ஆண்டுகளோ ஒரு வாக்கியத்திற் கடந்துபோம். ஓரில்லத்தில், அயலார் அறியாவண்ணம், தீண்டுதல் ஒழிந்த பின்னும் இல்லறம் வழுவாது ஒழுகிய அவ்வாண்டுகளைப் பற்றியே இன்று சில பேசப் புகுகின்றோம். அவற்றை ஒத்த ஆண்டுகளில் வாழும் பெண்மணிகள் நம் ஊர்களிலும் உளர்.

ஆடவர்க்கு மூத்திரப்பைக்குக் கீழே புரோஸ்டேற் என்னுஞ் சுரப்பி உளது. முதுமையில் ஆங்கு உண்டாகும் புற்றுநோய் முற்றியவழி, பெரும்பாலும் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலுஞ் சென்று பற்றும். ஆண்மைச் சுரப்புநீரை ஒடுக்கினால் இந்நோய் தணியும் என்பதை ஹகின்ஸ், ஹொட்ஜஸ் என்னும் இருவர் 1941 இல் வெளியிட்டனர். முன்னவர் 1966 இல் நொபெல் பரிசு பெற்றனர். ஊசியாலோ சத்திரசிகிச்சையாலோ அதனை ஒடுக்குதலே இன்றுஞ் சிகிச்சைக்கு அடிப்படை. நோய் ஒரு காலம் வரை தணியும். ஆயின் கணவர்க்கு இச்சை ஒழியும், தசை மெலியும், சோர்வு மிகும், திடீரென உடல் கொதித்து வியர்க்கும். மாதவிடாய் நின்ற காலத்துத் தாம் அனுபவித்த கொதிப்பையே கணவர்பாற் கண்டு, இன்னதென்று முதலில் உணர்பவர் மனைவியாரே. அவரோ அதனை வெளியிற் சொல்ல நாணுவர். அந்நாணம் மனைவியார் வாயையும் அடைத்துவிடும்.

அண்மையில் யாம் ஓரில்லஞ் சென்றோம். எமக்கு மூத்த ஆசிரியர் ஒருவர், ஓய்வு பெற்றவர், இந்நோயாற் கட்டிலிற் கிடந்தார். "அக்கா, உங்கள் பதிபக்தி யார்க்கு வரும்" என்று வழக்கம்போற் புகழ்ந்தோம். படலைவரை வந்த அவ்வம்மையார், "தம்பி, எல்லாரும் அவருக்கு எப்படியென்று கேட்கிறார்கள். நான் உறங்கினேனோ என்று ஒருவருங் கேட்டதில்லை" என்றார். முப்பதாண்டு பாடஞ் சொன்ன எமக்கு விடை தோன்றவில்லை.

யாம் இளமையிற் கற்ற மிஷன் பாடசாலையில், யோபுவின் மனைவி கூறிய ஒரு கடுஞ்சொல்லுக்காக அவளை இகழ்ந்து பாடஞ் சொல்வார்கள். மாண்ட மக்கள் பதின்மர்க்கும் அவளும் அழுதிருப்பாளே என்று எவருஞ் சொன்னதில்லை. அதனைப் பிறர் குறையென்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். பதிவிரதை என்னும் புகழுரையோ, உதவாதார் தம் கடனைக் கழித்துக்கொள்ளும் எளிய வழியாய் நம்மவரிடத்து வழங்குகின்றது.

நோவை வினைப்பயனென்று பொறுத்தல் வேண்டும் என்பாரும் உளர். வினைக்கொள்கையை யாம் மறுப்பேமல்லேம். ஆயினும் சூலையால் வருந்தி வந்த தம்பியார்க்குத் திலகவதியார் வினைப்பயனை விரித்துரைத்து நிற்கவில்லை; திருநீறு அளித்தனர். மருத்துவர் அளந்து கொடுக்கும் மோர்பின் மருந்தைப் பழக்கமாகிவிடுமென்று அஞ்சி, நோ பொறுக்கலாற்றாத போது மாத்திரம் கொடுக்கும் மனைவியர் உளர். குறித்த வேளையிற் குறித்த அளவு கொடுத்தலே முறை. மலச்சிக்கலுக்கு மருத்துவர் தரும் மருந்தையும் உடன் கொடுத்தல் வேண்டும். கால்கள் திடீரெனத் தளர்ந்தாலும், மரத்தாலும், சிறுநீர் அடைபட்டாலும், முள்ளந்தண்டினுள் நரம்பு நெருக்குண்டதோ என ஐயுற்று அப்பொழுதே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. தாழ்த்தின் கால்கள் மீளாமற் போதல் கூடும். இவற்றை அவ்வில்லத்தார்க்கு எடுத்துச் சொல்ல ஆசிரியரினுந் தக்கார் யாவர்?

தெல்லிப்பழையிற் புற்றுநோயாளர்க்கு வைத்தியசாலை எழுதற்பொருட்டு, 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து பொருள் திரட்டினர். அத்துணைத் தூரம் நடத்தல் எம் போன்றார்க்கு அரிது. அயல்வீட்டுப் படலைவரை நடத்தல் அரிதன்று.

இப்போது வெள்ளிதோறும் மாலையில் எம் பாடசாலை ஆசிரியர் ஒருவர் அவ்வில்லஞ் சென்று, நோயாளர் பக்கத்தில் இரண்டு மணிநேரம் இருக்கின்றார். நோவாமற் புரட்டிப் படுக்கவைக்கவும், சிறுநீர்ப் பையை வெறுமையாக்கவும் அம்மையாரே கற்பித்தனர். முதல் வெள்ளியில் அவர் கோயிலுக்குப் போவாரென எண்ணினோம். அவர் அடுத்த அறையிற் பாய் விரித்து உறங்கிவிட்டார்.