கருதாமல் செய்யும் தீங்கின் கடன்

மனமறிந்து செய்யாத தீங்குக்கும் மனிதன் பொறுப்பாளியாவானா என்னும் கேள்வி தர்ம சாஸ்திரங்களுக்கு மிகப் பழையது. நியூசிலாந்திலோ அது இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரசியல் கிளர்ச்சியாகவே நடந்துவருகிறது.

மேய்ந்து முடித்துப் படுத்திருக்கும் பசுவின் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கவைக்க, அதனால் பிறக்கும் மீதேன் வாயு ஏப்பமாக வாய்வழியே வெளியேறி, சுமார் 12 ஆண்டுகளில் பெரும்பாலும் சிதைந்துபோவதாயினும், இருக்கும்வரை கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு உக்கிரமாகப் பூமியைச் சூடேற்றுகிறது. நியூசிலாந்து வெளியிடும் இத்தகைய வெப்ப வாயுக்களில் ஏறத்தாழப் பாதி விவசாயத்திலிருந்தே எழுகிறது. ஆயினும் 2003-இல், இவ்வாயுவைக் குறைக்கும் ஆராய்ச்சிச் செலவுக்கென்று சிறியதொரு தீர்வை விதிக்க அரசாங்கம் முற்பட்டபோது குடியானவர்கள் வெலிங்டனில் திரண்டார்கள், எதிர்க்கட்சி உறுப்பினர் ஷேன் ஆர்டெர்ன் பாராளுமன்றப் படிகளிலேயே டிராக்டரை ஏற்றினார், தீர்வை கைவிடப்பட்டது. 2022-இல் இவ்வாயுக்களுக்கு விலை விதிக்க வந்த திட்டத்தையும் டிராக்டர் ஊர்வலங்கள் எதிர்த்தன. ஆட்சி மாறியபின் அதுவும் நிறைவேறாமற் போயிற்று.

குடியானவனுடைய கோபத்தில் நியாயம் உண்டு. அசைபோடுவது பசுவின் சுபாவம். அதைத் தடுக்க அவனால் ஆகாது. ஆகாததற்காக ஒருவனைத் தண்டிப்பது நீதியன்று.

ஆனால் தண்டனை வேறு, கடன் வேறு. கிருகஸ்தனுடைய வீட்டில் அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்திலும் அவன் அறியாமலே சிற்றுயிர்கள் மாள்வதால் அவற்றைப் பஞ்சசூனை, அதாவது ஐந்து கொலைக்களங்கள், என்றே மனு ஸ்மிருதி எண்ணுகிறது. அதற்காக அடுப்பை அவிக்கச் சொல்லவில்லை; கிருகஸ்தனைப் பாவியென்று விலக்கவுமில்லை; விருந்தோம்பலும் பிற உயிர்களுக்கு உணவிடுதலும் அடங்கிய ஐந்து வேள்விகளால் நாள்தோறும் அந்தத் தோஷத்தைத் தீர்த்துக்கொள்ள விதித்தது. அறியாத் தீங்கு குற்றமாகாவிடினும், வாழ்கிறவன் தன்னைத் தாங்கும் உயிர்க்குலத்துக்குத் திருப்பித் தரவேண்டிய கடனாகிறது என்பதே அவ்விதியின் உட்பொருள்.

இந்த நோக்கோடு பார்த்தால், 2024-இல் டென்மார்க்கில் விவசாயிகளின் சங்கத்தையும் உடனமர்த்திப் பேசி, 2030 முதல் கால்நடை வாயுவுக்குக் கரியமில வாயுக் கணக்கில் டன்னுக்கு 300 குரோனர் வரி என்றும், அதில் 60 சதவீதம் கழிவு என்றும், முதல் இரண்டு ஆண்டுகளின் வசூல் விவசாயத்தின் மாற்றத்துக்கே திரும்பும் என்றும் கண்ட உடன்பாடு, தண்டனையைவிடக் கடனுக்கே நெருங்கி நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. அடுப்பு எரிவது உண்பவர் அனைவருக்காகவும். பால் கறப்பவனிடம் இக்கடனைக் கேட்பது தர்மமே; ஆயினும் பாலும் வெண்ணெயும் உண்ணும் நகரத்தார் தங்கள் பங்கை விலையிலோ வரியிலோ முதலில் எடுத்துவைத்துவிட்டுக் கேட்பதே முழுத் தர்மம்.